ஜாவா கண்டிக்கும் பிழைகளும் கண்டும் காணாத பிழைகளும்

ஒரு கணிப்பொறி மொழியை மதிப்பிடுவோர் வழக்கமாக அதன் வேகத்தையும் அதில் எழுதப்பட்ட பெரிய நிரல்களையும் எடுத்துக்காட்டுவர். ஜாவாவைப் பற்றிய பேச்சும் அப்படித்தான். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங்கும் அவருடைய குழுவினரும் உருவாக்கி, 1995-இல் வெளியிட்ட மொழி இது. வங்கிகளிலும் கைப்பேசிகளிலும் இது செய்யும் வேலையைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஆனால், கற்கத் தொடங்கும் மாணவருக்கு அந்தப் பெருமைகள் எட்டாத் தொலைவில் இருப்பவை. அவர் முதல் வாரத்தில் எழுதுவது ஐந்து வரி நிரல். அதற்கு ஜாவா தரும் முதல் மறுமொழி பெரும்பாலும் ஒரு பிழைச் செய்தி. எனவே அந்தச் செய்திகளை வைத்தே இம்மொழியை இங்கு எடைபோடலாம் என்று நினைக்கிறேன். விசைப்பலகையில் விரல் தவறியதால் நேரும் சிறு பிழையை ஜாவா எப்படி நடத்துகிறது?

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீங்கு செய்யாத பிழைகளிடம் ஜாவா மிகக் கண்டிப்பாக இருக்கிறது. விடையையே கெடுக்கும் பிழைகள் சிலவற்றையோ, கதவைத் திறந்து உள்ளே அனுப்பிவிடுகிறது. தொடக்க நிலைப் பாடநூல்கள் பலவும் முதல் வகையைப் பட்டியலிட்டு, இரண்டாம் வகையை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

(ஜாவாவின் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தருகிறேன். திரையில் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.)

முதலில் கண்டிப்பைப் பார்ப்போம். நீங்கள் எழுதிய நிரலைப் படித்து, இயங்கும் வடிவத்துக்கு மாற்றித் தருவது நிரல்பெயர்ப்பி. எல்லோரும் சொல்லும் பெயர் கம்பைலர். அது நாம் படிப்பது போல் படிப்பதில்லை. ஒரு கடிதத்தில் ‘வணக்கம்’ என்பது ‘வணகம்’ என்று இருந்தாலும் நாம் பொருளை உணர்ந்து மேலே செல்கிறோம். கம்பைலருக்குத் தெரிந்தது இலக்கணம் மட்டுமே. ஒவ்வொரு சொல்லாக எடுத்து, ‘இதற்கு அடுத்து எது வரலாம்’ என்ற விதியோடு ஒப்பிட்டுக்கொண்டே போகிறது. வரக்கூடாத ஒன்று வந்ததும் நின்று கூவுகிறது. ஆகவே அது சொல்லும் வரி எண், அதற்கு வழி அடைபட்ட இடத்தின் எண். பிழை பல வரிகளுக்கு முன்னரே நிகழ்ந்திருக்கலாம். இதை முதல் நாளிலேயே சொல்லிக்கொடுத்தால் மாணவரின் தவிப்பில் பாதி குறையும்.

வரியின் முடிவில் அரைப்புள்ளியை விட்டுவிடுங்கள். ‘; எக்ஸ்பெக்டட்’ என்ற செய்தி வரும், அரைப்புள்ளி இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு நேர் கீழே ^ என்ற குறியும் இருக்கும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இடம் சரி, காரணமும் சரி. ஆயினும் தமிழ்வழி படித்துவந்த மாணவர் இந்தச் செய்தியை எப்படிப் படிக்கிறார் என்று கவனியுங்கள். ‘எக்ஸ்பெக்டட்’ என்றால் ‘எதிர்பார்க்கப்பட்டது’ என்று அகராதி சொல்கிறது. எதிர்பார்த்தது வந்ததா, வரவில்லையா? செய்தியில் இல்லை. ‘இங்கே அரைப்புள்ளி விடுபட்டிருக்கிறது’ என்று சொல்லவேண்டியதை இலக்கண ஆசிரியரின் குறிப்பேட்டு நடையில் சொன்னதால் வந்த குழப்பம் இது. இதைத் தம் ஆங்கிலக் குறை என்று மாணவர் எண்ணி ஒதுங்குவதுதான் எனக்கு வருத்தம் தருவது. குறை செய்தியை எழுதியவர்களுடையது.

நெளி அடைப்புக்குறியின் கதை இதைவிட மோசம். ஒரு செயற்கூற்றின் முடிவில் } என்னும் குறியை மறந்துவிட்டு அடுத்த செயற்கூற்றைத் தொடங்குகிறீர்கள். அது ‘பப்ளிக்’ என்ற சொல்லோடு தொடங்குகிறது. முந்தைய கூறு இன்னும் முடியவில்லை என்று எண்ணியிருக்கும் கம்பைலர், உள்ளே ‘பப்ளிக்’ வரக் காரணமில்லையே என்று திகைத்து, ‘கோவையின் தவறான தொடக்கம்’ என்ற பொருள்படும் செய்தியை வீசுகிறது. மாணவரோ குற்றமற்ற அந்த வரியைத் திருத்தத் தொடங்குவார். ‘பப்ளிக்’கை நீக்குவார், புதிய பிழை வரும், அதைத் திருத்த இன்னொன்றை மாற்றுவார். ஒரே ஒரு குறிக்காக, சரியாக இருந்த பத்து வரிகள் சிதைந்துபோகும். இவ்வகைச் செய்தி வந்தால் அந்த வரியைத் தொடாதீர்கள். அதற்கு மேலுள்ள அடைப்புக்குறிகளை எண்ணுங்கள். கோப்பின் கடைசி வரியைக் காட்டி ‘படித்துக்கொண்டிருக்கையில் கோப்பு முடிந்துவிட்டது’ என்று வந்தாலும் அதே மருந்துதான்.

திரையில் பன்னிரண்டு பிழைகள் வரிசையாக வந்தாலும் மனம் தளர வேண்டாம். ஓரிடத்தில் தடுமாறிய கம்பைலர் பின்னர் வருவனவற்றையும் தப்பாகப் படிப்பது இயல்பு. முதற் பிழையை மட்டும் திருத்தி மறுபடி ஓட்டுங்கள். பல சமயம் மற்றவை தாமே மறைந்துவிடும்.

இனிப் பெயர்கள். ஜாவாவில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. திரையில் எழுத்துகளை அச்சிட ‘சிஸ்டம்’ என்று தொடங்கும் கட்டளையில் முதல் எழுத்தைச் சிறியதாக அடித்துவிட்டால் என்ன செய்தி வரும்? ‘பெரிய எழுத்து வேண்டும்’ என்றா? இல்லை. ‘சிஸ்டம் என்ற பேக்கேஜ் இல்லை’ என்று வரும். முதல் வார மாணவருக்குப் பேக்கேஜ் என்றால் என்னவென்றே தெரியாது. கம்பைலரின் நோக்கில் இது முற்றிலும் முறையான முடிவு. புள்ளிக்கு முன் வரும் அறியாத பெயரை அது தொகுப்பின் பெயராகக் கொள்கிறது. ஆனால் கற்பவரின் நோக்கில் இது, ‘குடை எங்கே’ என்று கேட்டவருக்கு வானிலை அறிக்கை படித்த கதை.

‘மெயின்’ என்னும் தொடக்கக் கூற்றின் பெயரில் எழுத்து மாறிவிட்டால் இன்னும் வேடிக்கை. நிரல் பிழையின்றிப் பெயர்க்கப்படும், ஓட்டும்போது நின்றுவிடும். ஜாவாவின் 8-ஆம் பதிப்பு (2014) அப்போது தரும் செய்தி நீளமானது. மெயின் கூறு காணவில்லை, இவ்வாறு எழுதுக என்று சொல்லிவிட்டு, ‘அல்லது இது ஜாவாஎஃப்எக்ஸ் பயன்பாடாயின் இன்ன வகுப்பின் நீட்சியாக இருக்கவேண்டும்’ என்றும் சேர்த்துக்கொள்ளும். சாளரங்கள் வரைவதற்கான அந்தக் கருவித்தொகுதியைப் பற்றி, ‘வணக்கம்’ என்று ஒரு வரி அச்சிட வந்தவரிடம் ஏன் பேசவேண்டும்?

மற்றொன்று, நம் மாணவர்கள் அடிக்கடி சிக்குவது. ஆசிரியர் அனுப்பிய பாடக்குறிப்பிலிருந்து நிரலைப் படியெடுத்து ஒட்டுகிறார்கள். சொற்செயலி அழகுக்காக நேரான மேற்கோள் குறியை வளைந்த மேற்கோள் குறியாக மாற்றி வைத்திருக்கும். பழைய கம்பைலர்கள் இதற்குச் சொன்ன செய்தி: ‘தகாத எழுத்து: \8220’. வளைந்த தொடக்க மேற்கோளுக்கு யூனிகோடு வழங்கிய எண்ணே அந்த 8220. பின்னாளைய பதிப்புகள் அதையே பதினாறடிமான எண்ணில் தருகின்றன. கண்ணுக்கு இரண்டு குறிகளும் ஏறத்தாழ ஒன்றாகத் தோன்றுவதால், மாணவர் அந்த வரியை நூறு முறை பார்த்தாலும் பிழை தெரியாது. குறியை அழித்துவிட்டுத் தம் விசைப்பலகையால் மறுபடி அடித்தால் போதும்.

இந்தக் குறைகள் தவிர்க்க முடியாதவை என்று சிலர் வாதிடுவர். அது சரியன்று. எக்லிப்ஸ் என்னும் மென்பொருளுக்குள் இதே ஜாவாவுக்கு வேறொரு கம்பைலர் உண்டு. அரைப்புள்ளி விடுபட்டால், கூற்றை முடிக்க அரைப்புள்ளியைச் செருகுக என்று அது சொல்கிறது. பைத்தான் மொழியோ 2021-இல் வந்த 3.10 பதிப்பு முதல், தவறாக அடித்த பெயருக்கு நெருங்கிய பெயர் ஒன்றைக் காட்டி, ‘இதையா சொல்ல வந்தீர்கள்?’ என்று கேட்கிறது. ஆக, செய்ய முடியும். செய்ய மனம் வேண்டும்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மேலே கண்டவை எல்லாம் எரிச்சலூட்டுபவையே தவிர ஆபத்தானவை அல்ல. இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில், புளூஜே என்ற கற்பித்தல் மென்பொருளைப் பயன்படுத்தும் மாணவர்களின் பதிவுகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். 2015-இல் வெளியான அவ்வாய்வு இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் செய்த 3 கோடியே 70 இலட்சம் நிரல்பெயர்ப்புகளை உள்ளடக்கியது. அடிக்கடி நேர்ந்த பிழை, இணை சேராத அடைப்புக்குறி. ஆனால் விரைவில் திருத்தப்பட்டவற்றுள்ளும் அது ஒன்று. கம்பைலர் சத்தம் போடாத பிழைகளே நெடுநேரம் ஒளிந்திருந்தன. எந்தப் பிழை அதிகம் நேர்கிறது என்பதில் ஆசிரியர்களின் ஊகத்துக்கும் உண்மைப் பதிவுகளுக்கும் அவ்வளவு ஒற்றுமை இல்லை என்பதையும் இதே குழுவினர் 2014-இல் காட்டியிருந்தனர்.

எனவே மௌனப் பிழைகளிடம் வருவோம். இங்கேதான் ஜாவாவின் மேல் என் உண்மையான குற்றச்சாட்டு.

பாரன்ஹீட் வெப்பநிலையைச் செல்சியஸாக மாற்றும் நிரல் எல்லாக் கல்லூரிகளிலும் முதல் பயிற்சிகளுள் ஒன்று. நூலில் 5.0 / 9.0 * (பா − 32) என்று இருக்கிறது. தட்டச்சில் ‘.0’ விடுபட்டு 5 / 9 * (பா − 32) ஆகிவிடுகிறது. கம்பைலர் வாய் திறக்காது. ஆனால் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் ஜாவாவில் ஈவு மட்டுமே கிடைக்கும். 5 / 9 என்பதன் ஈவு 0. பிறகு எதைப் பெருக்கினாலும் சுழியந்தான். நிரலைச் சோதிக்க மாணவர் 32-ஐக் கொடுக்கிறார், 0.0 என்று வருகிறது. சரியான விடை! பனிக்கட்டி உருகும் வெப்பநிலை அல்லவா? மகிழ்ச்சியோடு நிரலை ஒப்படைத்துவிடுகிறார். 212-ஐக் கொடுத்திருந்தால் 100-க்குப் பதில் 0.0 வந்து குட்டு வெளிப்பட்டிருக்கும். −40-ஐக் கொடுத்துப் பாருங்கள். இரு அளவைகளும் ஒன்றாகும் புள்ளி அது. சரியான நிரல் −40 என்று சொல்லும். பிழையான நிரல் −0.0 என்று சொல்லும்! குறை எண்ணோடு சுழியத்தைப் பெருக்கியதன் அடையாளம் அந்தக் கழித்தல் குறி. இயற்பியல் மாணவர் யாரும் அதைக் கண்டு ‘இதென்ன’ என்று நின்று பார்க்காமல் போகக்கூடாது.

இன்னொரு விந்தை: அதே சூத்திரத்தை (பா − 32) * 5 / 9 என்று எழுதி, ‘பா’வைத் தசம எண்ணாக வைத்திருந்தால் விடை சரியாகவே வரும். முதற் பெருக்கலிலேயே எண் தசமமாகிவிடுவதே காரணம். கணக்கு நோட்டில் ஒன்றாக இருக்கும் இரண்டு எழுத்து முறைகள் ஜாவாவில் வேறு வேறு விடை தருகின்றன. ஓர் எச்சரிக்கை கூட இல்லை. அரைப்புள்ளிக்கு அத்தனை ஆரவாரம் செய்த அதே கம்பைலர்தான் இது.

அரைப்புள்ளி விடுபட்டால் கூவும் கம்பைலர், அது வேண்டாத இடத்தில் விழுந்தால் என்ன செய்யும்? மடக்கின் நிபந்தனை முடிந்த உடனே பழக்கத்தால். அடித்துவிடுகிறீர்கள் என்று வையுங்கள். ‘எதுவும் செய்யாத கூற்று’ ஒன்று அங்கே இருப்பதாக ஜாவா எடுத்துக்கொள்ளும். கீழே நீங்கள் எழுதிய உடற்பகுதி மடக்குக்கு வெளியே போய்விடும். மடக்கு முடிவின்றிச் சுழலும். திரையில் ஒன்றும் வராது. ‘இஃப்’ நிபந்தனையின் பின் இது நேர்ந்தால் இன்னும் தந்திரமானது. நிபந்தனை பொய்யானாலும் உடற்பகுதி நடக்கும். ‘இஃப்’பைப் பொறுத்தவரை இதை எச்சரிக்கும் வசதி கம்பைலரிலேயே உண்டு. ஆனால் தனிக் கட்டளை கொடுத்துக் கேட்டால்தான் சொல்லும். கேட்கத் தெரிந்தவருக்கு இந்தப் பிழை நேர்வது அரிது. நேர்பவருக்குக் கேட்கத் தெரியாது.

எண்களின் முன் சுழியம் இடும் வழக்கம் நமக்கு உண்டு. வருகைப் பதிவேட்டில் 001, 002 என்றுதானே எழுதுகிறோம்? அப்படியே ஜாவாவில் முழு எண்களாக அடித்துக்கொண்டு போங்கள். 007 வரை ஒரு தடையும் இல்லை. 008 என்றதும் பிழை. பல பதிப்புகளில் வரும் செய்தி: ‘முழு எண் மிகப் பெரியது’. எட்டு மிகப் பெரிய எண்ணாம்! உண்மை என்னவெனில், சுழியத்தில் தொடங்கும் முழு எண்ணை ஜாவா எண்மான எண்ணாகப் படிக்கிறது. அதில் 8, 9 என்ற இலக்கங்களே இல்லை. சி மொழியிடமிருந்து பெற்ற பழைய சொத்து இது. மாணவர் ஒன்றும் புரியாமல் 008, 009 ஆகிய இரண்டையும் 8, 9 என்று திருத்திவிட்டு 010-இலிருந்து மறுபடி சுழியத்தோடு தொடர்கிறார். கம்பைலரும் சமாதானமாகிவிடுகிறது. ஆனால் எண்மான 10 என்பது நம் 8. பதிவேட்டில் பத்தாம் மாணவரும் எட்டாம் மாணவரும் ஒருவரேயாகிவிட்டனர்!

சொற்களை ஒப்பிடும்போது == அடிப்பதும் இந்த வகையே. எண்களுக்கு அது மதிப்பைச் சோதிக்கும். சொற்களுக்கோ, இரண்டும் நினைவகத்தில் ஒரே பொருள்தானா என்று சோதிக்கும். நிரலுக்குள்ளேயே எழுதிய இரண்டு ‘மதுரை’களை ஒப்பிட்டால் ‘உண்மை’ என்று வரும்; ஏனெனில் அவற்றை ஜாவா ஒரே இடத்தில் வைத்துக்கொள்கிறது. அதே ‘மதுரை’யைப் பயனர் விசைப்பலகையில் அடித்தால் ‘பொய்’. நூலின் எடுத்துக்காட்டில் வேலை செய்வது, வாழ்க்கையில் வேலை செய்யாது. ஒப்பிட ‘ஈக்வல்ஸ்’ என்ற கூற்றையே பயன்படுத்துங்கள்.

நியாயத்துக்காக ஜாவா அடைத்த ஓட்டைகளையும் சொல்லவேண்டும். 2003 நவம்பரில் லினக்ஸ் மூலநிரலின் நகல் ஒன்றில் யாரோ இரண்டு வரிகளைச் செருகியிருந்தனர். பயனரின் எண் 0-தானா என்று சோதிப்பது போன்ற தோற்றம். ஆனால் == இருக்கவேண்டிய இடத்தில் = இருந்தது. எனவே சோதனைக்குப் பதில் பயனர் எண்ணே 0 ஆக மாற்றப்படும். அதாவது, கேட்டவருக்கு முழு அதிகாரம். எழுத்துப் பிழை போல் வேடமிட்ட அந்தக் கன்னக்கோலைப் பராமரிப்பாளர்கள் உரிய நேரத்தில் கண்டுபிடித்துவிட்டனர். அது சி மொழியில் எழுதப்பட்டது. சி மொழிக்கு எண்ணும் உண்மை–பொய்யும் ஒன்றே. ஜாவா இரண்டையும் பிரித்து வைத்திருப்பதால் இந்த வரி கம்பைலரைத் தாண்டியிருக்காது. எனினும் ஒரு சந்து இங்கும் இருக்கிறது. மாறியே உண்மை–பொய் வகையாக இருந்து, அதனை ‘உண்மை’ என்னும் சொல்லோடு ஒற்றைச் சமக்குறியால் இணைத்தால் ஜாவாவும் அனுமதித்துவிடும். அம்மாதிரி மாறிகளைச் சமக்குறியே இல்லாமல் நேரடியாக நிபந்தனையில் எழுதுவதே நல்ல பழக்கம்.

2004-இல் வந்த 5-ஆம் பதிப்பின் ‘ஓவர்ரைடு’ என்னும் குறிப்பும் பாராட்டத்தக்கது. ஒரு பொருளைச் சொல்வடிவில் தரும் ‘டுஸ்ட்ரிங்’ கூற்றின் நடுவில் பெரிய எழுத்து வரும். அதைச் சிறிய எழுத்தாக அடித்தால் முன்பெல்லாம் ஜாவா அதைப் புதியதொரு கூறாக ஏற்று வாளாவிருக்கும். அச்சில் பொருளற்ற எழுத்தும் எண்ணும் வரும். மேலே அந்தக் குறிப்பை இட்டால், ‘இப்படியொரு மூலக்கூறு இல்லை’ என்று தடுத்துவிடும். குறிப்பிடுவது கட்டாயமன்று என்பதே குறை.

2025 செப்டம்பரில் வெளியான 25-ஆம் பதிப்பில், முதல் நிரலுக்கு வகுப்புப் பெயரும் ‘பப்ளிக் ஸ்டாட்டிக்’ முதலிய நீண்ட முகப்பும் இல்லாமலே எழுத வழி செய்திருக்கிறார்கள். அடிக்க வேண்டிய சொற்கள் குறைந்தால் பிழைக்கான இடங்களும் குறையும். வரவேற்கிறேன். ஆனால் மொழி பிறந்து 30 ஆண்டுகள் கழிந்த பிறகு வந்த இரக்கம் இது. மேலும் இது முதல் வாரத்தின் எரிச்சலைக் குறைக்குமே அன்றி, 5 / 9-ஐயோ 010-ஐயோ தொடவில்லை.

தமிழ் வாசகர்களுக்கென்று இரண்டு செய்திகள். கம்பைலரின் பிழைச் செய்திகள் நிரலுக்குள் புதைந்தவை அல்ல. தனிக் கோப்புகளில் இருக்கின்றன. சப்பானிய மொழியிலும் சீனத்திலும் அவை மொழிபெயர்க்கப்பட்டு ஜாவாவோடு சேர்ந்தே வருகின்றன. தமிழில் இல்லை. மூலநிரல் திறந்தே இருக்கிறது. தமிழ்வழிக் கல்லூரி ஒன்றின் மாணவர்கள், முதலாண்டில் அடிக்கடி தலைகாட்டும் இருபது செய்திகளையாவது தமிழாக்கி ஆய்வகச் சுவரில் ஒட்டினால், நான் மேலே சொன்ன ‘எக்ஸ்பெக்டட்’ குழப்பம் அங்கேயே தீரும். மொழிபெயர்க்கும்போது, மூலத்தில் இல்லாத தெளிவையும் சேர்த்துவிடலாம். தடை சொல்ல யாரும் இல்லை.

மற்றொன்று, ஜாவாவில் மாறிகளுக்குத் தமிழில் பெயரிடலாம். பலருக்கு இது தெரியாது. ‘வேகம்’, ‘நிறை’, ‘காலம்’ என்றெல்லாம் வைத்து நிரல் எழுதினால் படிக்க இனிமையாகவே இருக்கிறது. அதிலும் ஒரு கண்ணி உண்டு. ‘தொகை’ என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். இதிலுள்ள ஒகரக் குறியை யூனிகோடில் இருவகையாகச் சேமிக்கலாம்: ஒரே எழுத்தாக, அல்லது எகரக் கொம்பும் துணைக்காலும் என இரண்டு எழுத்துகளாக. திரையில் இரண்டும் மயிரிழையும் மாறாமல் ஒன்றாகவே தெரியும். ஆனால் ஜாவாவின் விதிநூல் இவற்றை வெவ்வேறு பெயர்களாகவே கொள்கிறது. அறிவிக்கும்போது ஒரு விசைப்பலகை முறையும், பயன்படுத்தும்போது வேறொரு முறையும் இருந்தால், கண்முன் இருக்கும் ‘தொகை’யைக் காட்டி ‘இப்பெயரைக் காணவில்லை’ என்று கம்பைலர் சாதிக்கும். அப்போது நிரலை வரிவரியாகத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அறிவித்த இடத்திலிருந்து பெயரைப் படியெடுத்து மற்ற எல்லா இடங்களிலும் ஒட்டிவிடுங்கள்.